வீட்டு மார்க்

வலிக்காது, வலிக்காது. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்னு சொல்வாங்க, அவ்வளவுதான். அதுக்கு ஏன் முகத்தை இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்க? வலிச்சாலாவது உள்ள ஏதோ நடக்குதுன்னு ஒரு திருப்தி இருக்கும்.

சாம்பல் கலர் ஸ்வெட்டர் போட்டவர்தானே உங்கப்பா? இப்பத்தான் தொப்பிக்காரம்மா கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போச்சு. பார்த்தேன். முதல் நாள் வர்றவங்களைப் பார்த்தாலே தெரிஞ்சிடும் எனக்கு. ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க, பச்சைக் குழந்தை மாதிரி. கீழ வையும்மா. ஒருத்தரும் தூக்கிட்டு ஓட மாட்டாங்க.

உள்ள என்ன பண்ணுவாங்களா? சொல்றேன் கேளு. நீச்சலுக்குப் போடற ரப்பர் தொப்பி பார்த்திருக்கியா? அது மாதிரி ஒண்ணு. ஓட்டை ஓட்டையா இருக்கும். ஒவ்வொரு ஓட்டையிலயும் பசை மாதிரி ஒண்ணைப் பிதுக்குவாங்க. அது முடியில காய்ஞ்சா லேசுல போகாது. வீட்டுக்குப் போய் ரெண்டு தடவை தலையை அலசணும், அது யார் தலையெழுத்து? உன் தலையெழுத்து. அப்புறம் கம்பியை மாட்டி, சோப்பு டப்பா அளவு ஒரு பெட்டியில சொருகி, இருபது நிமிஷம் லேசா கரண்ட். அது ஓடறப்பவே எதிர்ல திரையில படம் வரும். குடை, சாவி, வாளி. கொஞ்சம் முன்னாடி பார்த்த படம் எதுன்னு அழுத்தணும். தூங்கற மூளையைத் தட்டி எழுப்பி, அது மறுபடி தூங்கறதுக்குள்ள பாடம் நடத்திடறாங்களாம். டாக்டர் சொன்ன விளக்கம். நான் முப்பத்தி நாலு வருஷம் கணக்கு டீச்சர். மதியம் ரெண்டு மணிக்குத் தூங்கறவனை எழுப்பிக் கணக்கு போட வெச்சா அவன் என்ன போடுவான்னு என்கிட்ட கேட்டிருக்கலாம்.

அந்தச் சுவத்துல இருக்கற படத்தைப் பாரு. கிழவனும் கிழவியும் சைக்கிள்ல போயிட்டே சிரிக்கறாங்க. அந்த வயசுல சைக்கிள்ல ஏறினா எவளாவது சிரிப்பாளா? பல்லு வேற பதினெட்டு வயசுப் பல்லு. இதைப் போய் இந்த வாசல்ல மாட்டியிருக்காங்களே, வர்றவங்களைப் பத்தி என்னதான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க.

நானா? நான் நாத்தனாரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். என் வீட்டுக்காரரோட தங்கச்சி. எழுபத்தொண்ணு, என்னைவிட ரெண்டு வயசு சின்னவ. அடுத்த ரூம்ல தொப்பியோட உட்கார்ந்திருக்கா. ஏன் சிரிக்கற? நாத்தனாரை எல்லாம் யாராவது கூட்டிட்டு வருவாங்களான்னா? நானும் அதையேதான் என்னைக் கேட்டுக்கறேன். கல்யாணம் ஆகி அந்த வீட்டு வாசல்ல காலை வைக்கறேன், குறுக்க வந்து நின்னு, செருப்பை அங்க விடாதீங்க அண்ணி, இந்தப் பக்கம் விடுங்கன்னா. அதுதான் என்கிட்ட அவ பேசின முதல் பேச்சு. நாப்பத்தாறு வருஷம் ஆச்சு, செருப்பை எந்தப் பக்கம் விடறதுன்னு இன்னும் முடிவாகல.

கல்யாணமா, அவளா? வேண்டாம்னுட்டா. பார்க்க வந்தவங்க தப்பிச்சாங்க. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகுது. எங்க ரெண்டு பேர் சத்தத்துலேர்ந்து தப்பிக்க அவருக்கு வேற வழி தெரியல போல. அதுக்கப்புறம் அந்த வீட்டுல நானும் அவளும்தான். காலையில எழுந்ததும் பேப்பர் யார் முதல்ல பிரிக்கறதுன்னு ஆரம்பிச்சா, ஃபேன்ல வந்து முடியும். நான் நாலுல வெப்பேன். அவ ரெண்டுல வெப்பா. நான் போய் நாலுல வெப்பேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசிக்க மாட்டோம், அந்தத் திருகு மட்டும் போயிட்டு வந்துக்கிட்டு இருக்கும். மூணு தடவை ரெகுலேட்டர் மாத்தியாச்சு.

இப்ப என்ன பண்றா தெரியுமா? ஃபேனை எதுல வெக்கட்டும் அண்ணின்னு என்னையே கேட்கறா. அடிப் பாவி. எனக்கு வந்தது பாரு ஒரு எரிச்சல். ரெண்டுல வெச்சுத் தொலைன்னு நானே எழுந்து போய் ரெண்டுல வெச்சுட்டு, வேர்த்து வழிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அதுக்கு என்னைப் பார்த்து, அண்ணி ரொம்ப நல்லவங்கன்னு பக்கத்து வீட்டு அம்மாகிட்ட சொல்றா. இந்த வியாதியில எனக்குப் பிடிக்காதது இதுதான். ஞாபகம் போனா போகட்டும், புத்தியுமா போகணும்?

அவ லேசுப்பட்டவ இல்ல, சொல்லிடறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா சேர்ந்து சூப்பர்வைசரா வெளிய வந்தவ. அந்தக் காலத்துல நம்பர் கேட்டு இணைச்சுக் கொடுப்பாங்களே, அது. ஊர்ல யாரைப் பார்த்தாலும் மூஞ்சியைப் பார்த்து நம்பரைச் சொல்லுவா. பேர் வராது அவளுக்கு, நம்பர்தான் வரும். மருந்துக்கடைக்காரர் தெருவுல போனா, அதோ நாலு ஏழு ரெண்டு ஒண்ணு போறார்ம்பா. என்னை என்ன நம்பர்னு சொன்னா தெரியுமா? எங்கேஜ்டுன்னு. எப்பப் பார்த்தாலும் சண்டையிலேயே இருக்கேனாம், லைன் கிடைக்கறதே இல்லையாம். நக்கல்.

அப்பேர்ப்பட்டவளை இங்க பாட்டிம்மா சமத்து, பாட்டிம்மா குட் கேர்ள்னு கன்னத்தைக் கிள்ளறாங்க. அந்தத் தொப்பிக்காரம்மாவைத்தான் சொல்றேன். அதுக்கு முப்பது வயசு இருக்குமா? ஒரு நிமிஷத்துல எத்தனை மிருகம் சொல்றீங்கன்னு கேட்குது. இவ பூனை, நாய், என் அண்ணின்னு சொன்னா. அந்தம்மா அதையும் எண்ணிக்கிச்சு. மூணுன்னு எழுதிச்சு, நான் எட்டிப் பார்த்தேன்.

டாக்டரா? டாக்டர் நல்ல மனுஷன்தான், குறை சொல்லக்கூடாது. ஆனா அந்த ஆளுக்கு மனுஷங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க, கோடு மட்டும்தான் தெரியும். நான் கிராஃப் டாக்டர்னுதான் சொல்வேன். உள்ள போனதும் எப்படி இருக்கீங்கன்னு கேட்பார், பதிலைக் கேட்காம திரையைத் திருப்பிக் காட்டுவார். அந்தா, வாசல் பக்கம் போர்டுல ஒட்டியிருக்காங்களே சிவப்புக் கோடு, கீழேர்ந்து ஜம்முனு ஏறுதே, அது அவர் வரைஞ்சதுதான். ஓ, நீயும் பார்த்தியா? அதைப் பார்த்ததும்தான் நம்பிக்கை வந்துச்சா? சரி. இரு. அந்தக் கோட்டைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

முதல்ல டேப்லெட்டைப் பத்திக் கேளு. உங்கம்மாவுக்கும் இன்னைக்கு ஒண்ணு கொடுத்து அனுப்புவாங்க. வாரத்துல மூணு நாள் இங்க கரண்ட், ஞாயிறு தவிர பாக்கி நாள் எல்லாம் வீட்டுல அரை மணி நேரம் டேப்லெட்ல பயிற்சி. என்ன? அப்பாவா? ஆமாமா, அப்பாதான். ஸ்வெட்டர் போட்டவர். சரி, உங்கப்பாவுக்கு. அதே படம்தான், குடை, சாவி, வாளி. முடிச்சதும் நூத்துக்கு இத்தனைன்னு ஒரு மார்க் வரும். அவங்க ஸ்கோர்ம்பாங்க. மார்க்குன்னா மார்க்தானே, அதுக்கு எதுக்கு வேஷம். அந்த மார்க் அப்பவே டாக்டர் கம்ப்யூட்டருக்கும் போயிடும், நீ பேர் கொடுத்திருக்கற ஆளோட போனுக்கும் போயிடும். நாங்க என் பையன் நம்பரைக் கொடுத்தோம். அதுதான் நாங்க பண்ணின முதல் முட்டாள்தனம்.

முதல் நாள் டேப்லெட்டை மேஜையில சாய்ச்சு வெச்சு இவளை உட்கார வெச்சேன். அதுக்குள்ளேர்ந்து ஒரு பொம்பளைக் குரல் வரும். வணக்கம், பயிற்சிக்குத் தயாரான்னு கேட்கும். இவ நிமிர்ந்து உட்கார்ந்தா. எந்த நம்பர் வேணும்னா. அது ஏதோ சொல்லிச்சு. லைன்ல இருங்கன்னா. அதுக்கப்புறம் திரையில குடை வந்துச்சு, சாவி வந்துச்சு, இவ தொடவே இல்ல. கையை மடியில வெச்சுக்கிட்டு மரியாதையா உட்கார்ந்திருக்கா. அழுத்துடின்னேன். கூப்பிட்டவங்க நம்பரே சொல்லல அண்ணி, நான் யாருக்குக் கொடுக்கறதுன்னு கேட்கறா. அரை மணி நேரம் அப்படியே. கடைசியில லைன் கட்டாயிடுச்சுன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா. மார்க் முப்பத்தொண்ணு. அதுவும் நடுவுல கை பட்டதுல வந்தது.

இங்கயும் தொப்பி போட்டுக்கிட்டு அதே கதைதான். ஆனா இங்க வர்ற மார்க்கை டாக்டர் கணக்குல எடுக்கல. புது இடம், புது முகம், பதற்றம் இருக்கும், வீட்டுல வர்ற மார்க்தான் நிஜம்னுட்டார். எவ்வளவு வசதியா இருக்கு பாரு.

ரெண்டு வாரம் முப்பத்தொண்ணு, இருபத்தெட்டு, முப்பத்தி மூணுன்னே ஓடிச்சு. பையன் போன் பண்ணினான். அவன் வேற ஊர்ல இருக்கான், பெரிய ஆபீஸ்ல, எல்லாத்தையும் அங்கேர்ந்தே நிர்வாகம் பண்ணுவான். ரெண்டு வயசானவங்க தனியா இருக்கறது சரியில்லம்மா, அத்தையை ஒரு இல்லத்துல சேர்த்துடலாம், நீ என்கூட வந்துடுன்னான். நான் கத்தினேன். சரி, அஞ்சு மாசம் பார்ப்போம், சீக்கிரம் வீட்டு மார்க் ஐம்பதைத் தாண்டணும், தாண்டி நிக்கற வரைக்கும் அத்தை வீட்டுலயே இருக்கட்டும், மறுபடி கீழ வந்தா நான் சொல்றதைக் கேளுன்னான். பெத்த அம்மாவுக்குப் பாஸ் மார்க் வைக்கறான் பாரு. கணக்குல அவனே நாப்பது தாண்டாதவன், நான் உட்கார்ந்து மல்லுக்கட்டிச் சொல்லிக் கொடுத்துத்தான் கரையேறினான்.

அந்த வாரமே கிளம்பி வந்து, சும்மா பார்த்துட்டு வரலாம்னு அந்த இல்லத்துக்கும் கூட்டிட்டுப் போனான். சுத்தமாத்தான் இருந்துச்சு. அதைப் பழிக்க மாட்டேன். ஒரு கட்டில், ஒரு அலமாரி, சுவத்துல மணி அடிக்க ஒரு பொத்தான். இவ அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தா, கட்டிலை அமுக்கிப் பார்த்தா, நல்லா வெச்சிருக்கீங்கன்னு வார்டனம்மாவைப் பாராட்டினா. அப்புறம் திரும்பி, எங்க அண்ணி கட்டில் எங்கன்னு கேட்டா. பையன் சொன்னான், அம்மா என்கூட வந்துடுவாங்க அத்தைன்னு. இவ சரின்னா. சரின்னு சொல்லிட்டு அந்தக் கட்டில் ஓரத்துல கைப்பையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டா. அப்பவே விட்டுட்டுப் போயிடறோம்னு நினைச்சிருக்கா.

நாப்பத்தாறு வருஷத்துல நான் சொன்ன எதுக்காவது அவ சரின்னு சொல்லியிருப்பாளா? ஒண்ணுக்கும் சொன்னதில்ல. அந்த ஒரு சரியை என்னால தாங்க முடியலம்மா. எந்திரிடி, வீட்டுக்குப் போலாம்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன்.

கண்ணைத் துடை. இதுக்கெல்லாம் அழக்கூடாது. இப்பத்தான் கதையே வருது.

மறுநாள் டேப்லெட் எப்பவும் போல வணக்கம் சொல்லிச்சு. இவ லைன்ல இருங்கன்னு சொல்லிட்டு நாற்காலியிலயே கண் அசந்துட்டா. அது விடாம டிங் டிங்குனு அடிச்சுக்கிட்டே இருக்கு. எனக்கு வந்த கோபத்துல அதைத் தூக்கி மடியில வெச்சு நானே அழுத்தினேன். குடையா, குடை. சாவியா, சாவி. இதுக்குப் பேர் பயிற்சியாம், ரெண்டாம் கிளாஸ் பிள்ளை போடும். தொண்ணூத்தாறு வரப் போகுதுன்னு தெரிஞ்சதும்தான் எனக்கு உறைச்சுது. கடைசிப் பாதியைத் தப்புத் தப்பா அழுத்தி ஐம்பத்தெட்டுல கொண்டு வந்து நிறுத்தினேன். பத்து நிமிஷத்துல பையன் போன். அம்மா, பார்த்தியா, கரண்ட் வேலை செய்யுதுங்கறான். குரல்ல அவ்வளவு சந்தோஷம். நான் ஆமாம்ப்பான்னேன்.

என்ன அப்படிப் பார்க்கற? ஆமா, நான்தான் போட்டேன். மறுநாளும் போட்டேன். அதுக்கு மறுநாளும் போட்டேன். நாலரை மாசமா நான்தான் போடறேன்.

என்னை ஸ்கூல்ல பிள்ளைங்க பூதக்கண்ணாடின்னு கூப்பிடுவாங்க. பரீட்சை ஹால்ல நான் நுழைஞ்சா சட்டைக் கைக்குள்ள வெச்ச பிட்டு தானா கீழ விழும். அண்ணனுக்காகத் தம்பி எழுத வந்ததை எல்லாம் கையெழுத்தை வெச்சே பிடிச்சிருக்கேன். அதனால எனக்குத் தெரியும், திருடன் எங்க மாட்டுவான்னு. முப்பது மார்க் வாங்கறவன் திடீர்னு தொண்ணூறு வாங்கினா மாட்டுவான். எல்லாத்தையும் சரியா எழுதினா மாட்டுவான். நான் அப்படிச் செய்யல. மூணு கேள்விக்கு ஒரு தப்பு. திங்கக்கிழமை ரெண்டு தப்பு கூட, ஏன்னா முந்தின நாள் பயிற்சி கிடையாது, கை பழகியிருக்காது. பதில் தெரிஞ்சாலும் மனசுக்குள்ள மூணு எண்ணிட்டுத்தான் அழுத்துவேன், அது நேரத்தையும் அளக்கும். எந்த நாள் எத்தனை தப்புன்னு ஒரு நோட்டுல அட்டவணை போட்டு வெச்சிருந்தேன். ஐம்பத்தெட்டு, அறுபத்தொண்ணு, அறுபத்தஞ்சு, எழுபது. மெதுவா, மரியாதையா ஏத்தினேன். என் சர்வீஸ்ல ஒரு பயலும் இவ்வளவு சுத்தமாக் காப்பியடிச்சது கிடையாது.

அவ பக்கத்துலயே உட்கார்ந்திருப்பா. முடிஞ்சதும் திரையில நட்சத்திரமாக் கொட்டும், ஒரு மேளச் சத்தம் வரும். கை தட்டுவா. அண்ணி பாஸுன்னு சொல்லுவா. அண்ணி இல்லடி, நீதான் பாஸுன்னு சொல்வேன். அப்படியான்னு கேட்டுப்பா.

பன்னெண்டாவது வாரம் எழுபத்தி நாலு. கிராஃப் டாக்டருக்குத் தலைகால் புரியல. இந்த வயசுல இப்படி ஒரு முன்னேற்றத்தைப் பார்த்ததே இல்லைன்னு வெளியூர்லேர்ந்து ரெண்டு டாக்டரை வரவழைச்சுக் காட்டினார். இவளை நடுவுல உட்கார வெச்சு போட்டோ எடுத்தாங்க. இவ கேமராக்காரரைப் பார்த்து எந்த நம்பர் வேணும்னு கேட்டா, எல்லாரும் சிரிச்சாங்க, நகைச்சுவை உணர்வு கூடத் திரும்பிடுச்சுன்னு எழுதிக்கிட்டாங்க. எழுதிக்கிட்டாங்கம்மா, என் கண் முன்னாடி. படிச்சவங்க. நாலு நிமிஷம் அவகிட்ட உட்கார்ந்து பேசியிருந்தா தெரிஞ்சிருக்கும். பேசல. கோடு ஏறுதுல்ல, அப்புறம் எதுக்குப் பேச்சு.

அப்ப ஒட்டினதுதான் அந்த போர்டுல இருக்கற கோடு. நீ பார்த்து நம்பின கோடு அதான். அது அவ இல்ல. நான்.

கோபம் வருதா? வரட்டும். உங்கப்பாவுக்கு இந்த வைத்தியம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம், எனக்கென்ன தெரியும். இங்க வர்றவங்கள்ல ரெண்டு மூணு பேர் கொஞ்சம் தெளிவாத்தான் பேசறாங்க, பார்த்திருக்கேன். ஆனா அந்தக் கோட்டைப் பார்த்து நம்பாதே. வீட்டுல டேப்லெட் கொடுத்தா அவரே அழுத்தட்டும். முப்பது வந்தா முப்பதுன்னு இருக்கட்டும். பாவம் பார்த்து நீ தொட்டுடாதே. தொட்டா என்னன்னு கேட்கறியா? வாயை மூடிக்கிட்டு நான் சொல்றதைக் கேளேன்.

இன்னைக்கு டாக்டர் என்னைத் தனியா வரச் சொல்லியிருக்கார். இவ தொப்பியோட உட்கார்ந்திருக்கற நேரத்துல பேசணுமாம். ஏன்னா கோடு இறங்குது. போர்டுல இருக்கறது பழசு, இறங்கறதை எவன் ஒட்டுவான்? எழுபத்தி நாலுலேர்ந்து எழுபது, அறுபத்தாறு, அறுபது. போன வாரம் ஐம்பத்தி மூணு. இன்னும் நாலு மார்க் இறங்கினா என் பையன் கார் எடுத்துக்கிட்டு வந்துடுவான். அந்தக் கட்டில் அவளுக்காகக் காத்துக்கிட்டுத்தான் இருக்கு. டாக்டர் போன்லயே சொல்லிட்டார், நோய் வேகம் பிடிக்குது போல, மூணு நாளை அஞ்சு நாளாக்கிடலாம், கரண்டையும் கொஞ்சம் கூட்டிடலாம், வீட்டுல பார்த்துக்கறவங்க கையெழுத்து வேணும்னு. கேள்வியை இன்னும் கஷ்டமாக்கிட்டீங்களான்னு கேட்டேன். இல்ல, முதல் நாளிலேர்ந்து அதே கேள்விதான்னார்.

அவ இதையெல்லாம் தாங்குவாளான்னு தெரியல. தொப்பி கழட்டினதும் நெத்தியெல்லாம் சிவந்திருக்கும். யாருக்கு லைன் கொடுத்தோம்னு வழியெல்லாம் தேடிக்கிட்டே வருவா. அஞ்சு நாளைக்கு அந்தத் தலையை நான் அலசினா முடியே மிஞ்சாது.

அந்தா, கூப்பிடறாங்க. வர்றேம்மா, வர்றேன், ஒரு நிமிஷம். என் கைப்பை எங்க வெச்சேன்? மடியிலதான் இருக்கா, சரி.

இங்க பாரு, ஒரு உதவி பண்ணு. நான் உள்ள இருக்கறப்ப அவ வெளிய வந்துட்டா அண்ணி எங்கன்னு கேட்பா. டாக்டர் ரூம்ல இருக்காங்க, இப்ப வந்துடுவாங்கன்னு சொல்லு. ரெண்டு நிமிஷத்துல மறுபடி கேட்பா. மறுபடி சொல்லு. முகத்தைச் சுளிக்காம சொல்லு. இல்லாட்டி அவ வாசலைத் தாண்டி என்னைத் தேடிக்கிட்டு ரோட்டுல இறங்கிடுவா.

என்ன சொன்ன? எதுக்கு இவ்வளவு தூரம், இன்னைக்கு வீட்டுக்குப் போய் வேணும்னு போடற தப்பை எல்லாம் நிறுத்திட்டு ஒழுங்காப் போட்டா மார்க் தானா ஏறிடுமேன்னா?

நல்ல யோசனைதான். எனக்கும் அதே யோசனை வந்துச்சு. வேணும்னு தப்பு போடறதை நிறுத்தி ஏழு வாரம் ஆச்சும்மா. கண்ணாடி கூடப் புதுசா மாத்திட்டேன். மூணு எண்ணறதும் இல்ல. எல்லாம் சரின்னு நினைச்சுத்தான் அழுத்தறேன், அந்த ஐம்பத்தி மூணு அப்படி வந்ததுதான்.

விடு கையை. என் மண்டைக்கு வந்ததுக்கு அவ தலையில கரண்டைக் கூட்டப் போறாங்க, அந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்தக் கோடெல்லாம் என்னோடதுய்யான்னு அந்த ஆள் முகத்துக்கு நேரா சொல்லப் போறேன். பையன் ரெண்டு பேரையும் எங்க வேணா கொண்டு போய் விடட்டும், ஒரே ரூமா இருக்கணும், அவ்வளவுதான் என் கண்டிஷன். அதை மட்டும் உள்ள போனதும் மறக்காம முதல்ல சொல்லிடணும்.